கொடியை மாற்றலாமா என்று கேட்டபோது

(கல்லூரி மாணவர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1964ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி, கனடாவின் வின்னிபெக் நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு ஒன்று நடந்தது. ராயல் கனடியன் லீஜன் என்பது அந்தச் சங்கத்தின் பெயர். அரங்கம் நிறைய இரண்டு உலகப் போர்களிலும் சண்டையிட்டுத் திரும்பியவர்கள், நெஞ்சில் பதக்கங்களோடு. மேடையில் பிரதமர் லெஸ்டர் பியர்சன். அவரும் முதல் உலகப் போரில் பணியாற்றியவர்தான். அன்று தம் பதக்கங்களை அணிந்துகொண்டுதான் வந்திருந்தார். கனடாவுக்குப் புதிய கொடி வேண்டும், அதில் மேப்பிள் இலை இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அரங்கம் கொந்தளித்தது. கூச்சல் போட்டார்கள், ஏளனம் செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அந்தக் கூச்சலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு நாட்டின் கொடியை மாற்றலாம் என்று யாராவது சொன்னவுடன் மக்களிடமிருந்து கோபம், கண்ணீர், கேலி, அலட்சியம் எல்லாம் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஆட்சியாளர்கள் பெரும்பாலும் இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அது பெரிய தவறு என்பது என் கருத்து. அந்த எதிர்ப்புக்குள் அந்த நாட்டின் வரலாறே இருக்கிறது. அதைப் பொறுமையாகக் கேட்டவர்கள் நல்ல கொடியைப் பெற்றார்கள். கேட்காதவர்கள் பணத்தையும் காலத்தையும் இழந்தார்கள். சில இடங்களில் அதைவிடப் பெரியதையும் இழந்தார்கள்.

முதலில் கனடா. அன்று அங்கே பறந்தது ரெட் என்சைன் எனப்படும் சிவப்புக் கொடி. அதன் மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக், வலப்பக்கம் ஒரு கேடயச் சின்னம். இரண்டாம் உலகப் போரில் கனடிய வீரர்கள் சுமந்து சென்ற கொடி அது. அதன் கீழ்தான் அவர்கள் செத்தார்கள். ஆனால் கியூபெக்கில் வாழும் பிரெஞ்சு மொழி மக்களுக்கு அந்த மூலை உறுத்தியது. தங்களை வென்றவர்களின் சின்னம் அது. பியர்சனுக்கும் ஒரு நேரடி அனுபவம் இருந்தது. 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது ஐ.நா. அமைதிப்படையை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது; அடுத்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசும் அதற்காகவே கிடைத்தது. ஆனால் அந்தப் படையில் கனடிய வீரர்கள் வருவதற்கு எகிப்து தயங்கியது. எகிப்தின் மேல் படையெடுத்த பிரிட்டனின் கொடி இவர்கள் கொடியிலும் இருக்கிறதே என்பது அவர்கள் கேள்வி. அதற்கு பியர்சனிடம் பதில் இல்லை.

கனடா இதற்கு முன்பே முயன்றிருந்தது. 1925இல் ஒரு குழு, 1945-46இல் இன்னொரு குழு. இரண்டும் நடுவழியில் நின்றுபோயின. அடுத்தடுத்து வந்த பிரதமர்கள் தொட்டால் சுடும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பியர்சன் அமைத்ததோ பெரும்பான்மை இல்லாத அரசு. ஆனாலும் தொட்டார்.

அவருக்குப் பிடித்த ஒரு வடிவம் இருந்தது. வெள்ளை நடுவில் மூன்று சிவப்பு மேப்பிள் இலைகள், இரு ஓரங்களிலும் நீலப் பட்டைகள். பத்திரிகைகள் அதற்கு ‘பியர்சன் பென்னன்ட்’ என்று பெயரிட்டன. எதிர்க்கட்சித் தலைவர் ஜான் டீஃபன்பேக்கர் விடாப்பிடியாக எதிர்த்தார். மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துங்கள் என்றார். ஜூன் 15ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தொடங்கிய விவாதம் கோடை முழுக்க நீண்டது. கடைசியில் செப்டம்பரில், எல்லாக் கட்சிகளிலிருந்தும் 15 பேர் கொண்ட குழுவிடம் விஷயம் போயிற்று. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் வடிவங்களை அனுப்பினார்கள். பாதிக்கு மேல் மேப்பிள் இலை. பீவர் விலங்கை வரைந்து அனுப்பியவர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். குழு கூடிய அறையின் சுவரெங்கும் கொடிகளை ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள்.

அந்தக் குவியலில் ஜார்ஜ் ஸ்டான்லி என்ற வரலாற்றாசிரியர் பரிந்துரைத்த வடிவமும் இருந்தது. ராயல் மிலிட்டரி கல்லூரியின் கொடியைப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை அது: சிவப்பு, வெள்ளை, சிவப்பு, நடுவில் ஒற்றை இலை. யாருடைய படையையும் யாருடைய அரசரையும் அது நினைவூட்டக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். அக்டோபர் 22ஆம் தேதி இறுதி வாக்கெடுப்பு. எஞ்சியிருந்தவை பிரதமரின் மூன்று இலையும் ஸ்டான்லியின் ஒற்றை இலையும். ஆளுங்கட்சிக்காரர்கள் தங்கள் பிரதமரின் கொடிக்குத்தான் போடுவார்கள் என்று நினைத்த எதிர்க்கட்சி உறுப்பினர்கள், அதைத் தோற்கடிக்க ஒற்றை இலைக்கு வாக்களித்தார்கள். ஆளுங்கட்சியினரும் ஒற்றை இலைக்கே வாக்களித்தார்கள். 14க்குப் பூஜ்யம். பிரதமரின் கொடிக்கு ஒரு வாக்குகூட இல்லை.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பியர்சன் கோபித்துக்கொள்ளவில்லை, தம் கொடியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரவும் இல்லை. நவம்பர் 6ஆம் தேதி மாதிரிக் கொடிகளை அவசரமாகத் தைக்கச் சொன்னார். மறுநாள் காலை தம் ஹாரிங்டன் ஏரிக்கரை இல்லத்தில் அவை பறப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை மாலையில் தையற்காரருக்கு எங்கே போவது? அரசு அலுவலர் ஒருவர் தம் மகளை அழைத்தார். அந்த இளம்பெண் தன் தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்து இரவோடு இரவாகத் தைத்துக் கொடுத்தார். கொடித்துணி தைத்துப் பழக்கமில்லாத கை அது. கனடாவின் முதல் ஒற்றை இலைக் கொடிகளில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

இத்தோடு சுபம் என்று நான் கதையை முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. குழு தீர்மானித்த பிறகும் நாடாளுமன்றத்தில் பேச்சு நின்றபாடில்லை. 250க்கும் மேற்பட்ட உரைகள். கடைசியில் அரசு விவாதத்தை முடித்துவைக்கும் விதியைப் பயன்படுத்தியது. அதைப் பயன்படுத்துங்கள் என்று வழிகாட்டியவரே எதிர்க்கட்சியைச் சேர்ந்த கியூபெக் உறுப்பினர் லியோன் பால்சர்தான். டிசம்பர் 15 அதிகாலை இரண்டேகால் மணிக்கு வாக்கெடுப்பு: ஆதரவு 163, எதிர்ப்பு 78. 1965 பிப்ரவரி 15ஆம் தேதி கொடி ஏறியது.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஒன்டாரியோ மாகாணம் அதே ஆண்டில் பழைய சிவப்புக் கொடியின் சாயலில் தன் மாகாணக் கொடியை அமைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மனிடோபாவும் அப்படியே செய்தது. வின்னிபெக் அதன் தலைநகரம் என்பதை மறக்காதீர்கள். பியர்சனை நோக்கிக் கூச்சலிட்ட ஊரில் பழைய கொடியின் சாயல் இன்றும் மாகாணக் கொடியாக மரியாதையோடு பறக்கிறது. டீஃபன்பேக்கர் 1979இல் மறைந்தபோது அவர் சவப்பெட்டியின் மேல் மேப்பிள் இலைக் கொடியும் இருந்தது, பழைய சிவப்புக் கொடியும் இருந்தது. தோற்றவர்களின் நினைவுக்கு இடம் விட்டதால்தான் புதிய கொடி நிலைத்தது என்று நான் நம்புகிறேன்.

இனி நியூசிலாந்து. அங்கே எல்லாம் ஜனநாயக முறைப்படி, இரண்டு பொதுவாக்கெடுப்புகளோடு நடந்தது. ஆனாலும் கொடி மாறவில்லை.

2014இல் பிரதமர் ஜான் கீ அறிவித்தார்: கொடியை மாற்றுவது பற்றி மக்களிடம் கேட்போம். இப்போதைய கொடி நீல நிறம், மூலையில் யூனியன் ஜாக், வலப்பக்கம் தென்சிலுவை விண்மீன்கள் நான்கு. 1902 முதல் அதுதான் சட்டப்படியான கொடி. பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவின் கொடியும் ஏறத்தாழ இதே மாதிரி இருப்பதால் சர்வதேச மேடைகளில் குழப்பம் வருவது உண்மை. காலனி ஆட்சியின் காலம் முடிந்துவிட்டது என்ற கீயின் வாதத்திலும் நியாயம் இருந்தது. அவர் மனத்தில் இருந்தது வெள்ளிப் பெரணி இலை. ரக்பி வீரர்களின் கறுப்புச் சட்டையில் இருப்பது அந்த இலை. வெளிநாட்டு மண்ணில் புதைந்த நியூசிலாந்து வீரர்களின் கல்லறைக் கற்களில் செதுக்கப்பட்டிருப்பதும் அதே இலை. தம் விருப்பத்தை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. அங்கேயே கோளாறு தொடங்கிவிட்டது.

சட்டப் பேராசிரியர் ஜான் பர்ரோஸ் தலைமையில் 12 பேர் குழு. எழுத்தாளர், வட்டெறிதல் வீராங்கனை, ராணுவத் தளபதியாக இருந்தவர், முன்னாள் மேயர், ரக்பி அணியின் பழைய தலைவர் என்று நல்ல மனிதர்கள்தான். வடிவமைப்புத் துறைக்கு உரிய இடம் இல்லையே என்று அத்துறையினர் குறைபட்டார்கள். குழு ஊர் ஊராகப் போனது. கூட்டங்களுக்கு வந்தவர்கள் சொற்பம். ஆனால் வடிவம் அனுப்புங்கள் என்றதும் 10,292 வடிவங்கள் வந்து குவிந்தன. கண்ணிலிருந்து லேசர் பாய்ச்சும் கிவிப் பறவை ஒன்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று அப்போது சிலர் கடிந்துகொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடியைப் பற்றிப் பேச ஊர்க்கூட்டத்துக்கு வராத இளைஞன், இரவு உட்கார்ந்து ஒரு கொடியை வரைந்து அனுப்பினான் என்றால், அவனும் இந்தப் பேச்சில் கலந்துகொண்டுவிட்டான். கேலியாக வரைந்தாலும் வரைந்தது தன் நாட்டின் கொடியை அல்லவா?

குழு 40 வடிவங்களைத் தேர்ந்தெடுத்து, 2015 செப்டம்பர் முதல் தேதி அதிலிருந்து நான்கை அறிவித்தது. நான்கில் மூன்று பெரணி இலை. அந்த மூன்றில் இரண்டு ஒரே வடிவமைப்பாளர் கைல் லாக்வுட் வரைந்த ஒரே கொடி. நிறம் மட்டும் வேறு. நான்காவது கோரு எனப்படும் சுருள் வடிவம். பிரதமர் விரும்பிய இலையைத்தான் நாலு விதமாகக் காட்டுகிறார்கள் என்ற எண்ணம் மக்களிடம் பரவியது. குழு அப்படித் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. மக்களுக்கு அப்படித் தோன்றியது. கொடி விஷயத்தில் தோற்றமே பாதி உண்மை ஆகிவிடும்.

அப்போதுதான் ‘ரெட் பீக்’ என்ற வடிவத்துக்கு ஆதரவு திரண்டது. ஆரன் டஸ்டின் என்பவர் வரைந்தது. வெள்ளைக் கோணம், அதன்கீழ் சிவப்பு முக்கோணம், இருபுறமும் கறுப்பும் நீலமும். மாவோரிகளின் தொன்மக் கதையில் வானத் தந்தையும் பூமித் தாயும் பிரிக்கப்பட்டு நடுவே ஒளி நுழைவதை நினைவில் வைத்து அமைத்தது. நான்கில் இடம்பெறாத அந்தக் கொடிக்காக 50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை ஐந்தாவதாகச் சேர்த்தது. சில வாரங்களுக்குள் ஒரு நாடாளுமன்றம் பொதுமக்கள் குரலுக்கு இப்படி இறங்கிவந்தது பாராட்டத்தக்கது. ஆனால் முதல் வாக்கெடுப்பில் ரெட் பீக் மூன்றாம் இடம்தான் பெற்றது. உரத்து ஒலித்த குரல் பெரும்பான்மையின் குரலாக இருக்கவில்லை.

முதல் வாக்கெடுப்பு 2015 நவம்பர், டிசம்பரில் தபால் மூலம் நடந்தது. ஒரு வாக்காளர் வீட்டு மேசையில் அந்தச் சீட்டு கிடப்பதாக எண்ணிப்பாருங்கள். ஐந்து கொடிகள் வரிசையாக இருக்கின்றன. பிடித்ததற்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண்ணிட வேண்டும். கொடியை மாற்றவே வேண்டாம் என்று நினைப்பவர் எங்கே எழுதுவது? இடமே இல்லை. மாற்ற வேண்டுமா என்ற கேள்வியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்துவிட்டு, எதுவாக மாற்றலாம் என்று முதலில் கேட்டார்கள். வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு, 48.8 சதவீதம். வந்த சீட்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று செல்லாதது. அத்தனை செல்லாத வாக்கு என்பது கவனக்குறைவால் வருவதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு மக்கள் அளித்த பதில் அது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சி கொடி மாற்றத்துக்கு விரோதியே அல்ல. 2014 தேர்தலில் அதுவே கொடியை மறுபரிசீலனை செய்யலாம் என்றது. அதுவும் இந்த வரிசையைத்தான் கடுமையாகச் சாடியது. கல்யாணம் வேண்டுமா என்று பெண்ணிடம் கேட்காமலே முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கதை.

கறுப்பு, வெள்ளை, நீலம் கலந்த லாக்வுட்டின் பெரணிக் கொடி மயிரிழையில் வென்று 2016 மார்ச்சில் பழைய கொடியை எதிர்கொண்டது. இம்முறை 67.8 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பழைய கொடிக்கு 56.7 சதவீதம். புதியதற்கு 43.3. அரசு ஒதுக்கிய செலவு சுமார் 2 கோடியே 60 லட்சம் நியூசிலாந்து டாலர்.

தொகுதிவாரியாகப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 71 தொகுதிகளில் ஆறு மட்டுமே புதிய கொடியை ஆதரித்தன. ஆறும் பிரதமரின் கட்சி கையில் இருந்தவை. அவருடைய சொந்தத் தொகுதிகூட அந்த ஆறில் இல்லை. இதைவிட என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது வேறொன்று. மாவோரிகளுக்கென்று உள்ள ஏழு தொகுதிகளிலும் பழைய கொடிதான் ஜெயித்தது. பழைய கொடியில் மாவோரிகளின் அடையாளம் எதுவும் இல்லை. 1844-45இல் மாவோரித் தலைவர் ஹோனே ஹெகேயும் அவருடைய ஆட்களும் கோரோராரேகாவில் பிரிட்டிஷ் கொடிக்கம்பத்தை நான்கு முறை வெட்டிச் சாய்த்தார்கள். அதைத் தொடர்ந்து போரே மூண்டது. அந்தக் கொடியின் மேல் அவர்களுக்குப் பாசம் பெருகிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. 2009இல் அரசே ஏற்றுக்கொண்ட ஒரு மாவோரிக் கொடி அவர்களிடம் இருக்கிறது. வைட்டாங்கி நாளில் ஆக்லாந்துத் துறைமுகப் பாலத்தில் அது பறக்கிறது. பிரிட்டிஷ் அரசியுடன் 1840இல் செய்துகொண்ட வைட்டாங்கி உடன்படிக்கையை அவர்கள் இன்றும் தங்கள் உரிமைக்கு ஆதாரமாகப் பிடித்திருக்கிறார்கள். அந்த வாக்குறுதி நிறைவேறும் முன்பே மூலையிலிருந்து அதன் சாட்சியை அகற்றுவானேன் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு கொடியை வைத்திருக்க வாக்களிப்பவர் எல்லாரும் அதைக் கொண்டாடுகிறவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நியூசிலாந்தின் முன்னாள் படைவீரர் சங்கத்தின் எதிர்ப்பும் அப்படித்தான். முதல் உலகப் போரில் நடந்த கலிபொலிப் போரின் நூறாவது ஆண்டு 2015. தாத்தாக்களுக்கு அஞ்சலி செலுத்திய அதே ஆண்டில், அவர்கள் போர்த்திக்கொண்டு புதைந்த கொடியை மாற்றலாமா என்று தபாலில் கேட்டால் என்ன பதில் வரும்?

ஃபிஜியை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நம்மூர்க்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே ஃபிஜிதான். 2015இல் பிரதமர் பைனிமராமா யூனியன் ஜாக்கை அகற்றிப் புதிய கொடி என்று அறிவித்தார். எங்களைக் கேட்காமல் எப்படி என்ற எதிர்ப்பு கிளம்பியது. தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் ரக்பி செவன்ஸ் இறுதியாட்டத்தில் ஃபிஜி பிரிட்டனை 43-7 என்று வென்று, தன் வரலாற்றின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தது. பிரிட்டனைத் தோற்கடித்துவிட்டு, பிரிட்டனின் சின்னம் மூலையில் உள்ள தங்கள் வெளிர்நீலக் கொடியை மக்கள் தெருவெல்லாம் வீசினார்கள். அந்த மாதமே பிரதமர் திட்டத்தைக் கைவிட்டார். மக்கள் அந்தக் கொடியைத் தங்களுடையதாக்கிக்கொண்ட பிறகு மூலையில் என்ன இருந்தால் என்ன?

இன்னொரு கொடியைப் பற்றிப் பேசாமல் தமிழர் அவையில் இந்த உரையை முடிக்க முடியாது. இலங்கையில் 1948 ஜனவரியில், கண்டியின் கடைசி அரசனுடைய சிங்கக் கொடியே சுதந்திர நாட்டின் கொடியாக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. தமிழ் பேசும் முஸ்லிம். அந்தக் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழியில் வந்தவன். 1815இல் பிடிபட்டு, நம் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தவன். எனவே அந்தச் சிங்கத்தின் வரலாறு ஒரே இனத்துக்குள் அடங்குவதில்லை. ஆனால் 1948இல் நாட்டின் ஒரு பகுதியினர் அதைத் தங்கள் இனச் சின்னமாகவும், இன்னொரு பகுதியினர் தங்களுக்கு இடமில்லாத சின்னமாகவும் பார்த்தார்கள். பிரதமர் டி. எஸ். சேனநாயக்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைத்தார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அடையாளமாகச் செம்மஞ்சள், பச்சை என்று இரண்டு பட்டைகளைச் சேர்க்கக் குழு பரிந்துரைத்தது. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்படவில்லை. பட்டைகள் சிங்கம் நிற்கும் களத்துக்கு வெளியே, தனிக் கட்டத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இது ஒற்றுமையைக் காட்டாது, பிரிவைத்தான் காட்டும் என்று தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். 1951இல் கொடி நிறைவேறியது. அதன்பின் அந்தத் தீவில் நடந்ததெல்லாம் கொடியால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கொடியைப் பார்த்து ஒருவர் முன்கூட்டியே சொன்னது காதில் விழவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். கனடாவின் ஒட்டாவா குழுவிலிருந்த எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அறையில் இடமும் இருந்தது, முடிவை மாற்றும் பலமும் இருந்தது. கொழும்புக் குழுவில் நடேசனுக்கு இடம் மட்டும் இருந்தது. நியூசிலாந்து மக்களுக்கு முடிவை மாற்றும் பலம் இருந்தது. முதல் சீட்டில் வேண்டாம் என்று எழுத இடமில்லை. கொடி மாற்றத்தில் என் தீர்ப்பு இதுதான்: மாற்ற வேண்டுமா என்பதை முதலில் கேட்க வேண்டும்; மாற்றக் கேட்கும் தலைவர் தம் கையில் ஒரு கொடியை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது; யாருடைய அடையாளத்தைச் சேர்க்கிறோமோ அவர் சரி என்று சொல்லும்வரை அது சேர்க்கப்பட்டதாக ஆகாது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கனடிய நாடாளுமன்றத்தின் 1964 கொடி விவாதம் அச்சில் இருக்கிறது. நடேசனின் மாறுபட்ட குறிப்பும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் தேடிப் பிடித்து, அருகருகே வைத்துப் படியுங்கள். ஜெயித்தவர்களின் உரைகளுக்கு முன்னால், தோற்றவர்கள் பேசியதைப் படியுங்கள்.